முதல் தடவை திறக்கும்போது

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அலுவலகத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்த ஒரு பழைய கணினியின் முன்னால் எங்கள் மாடிக்காரன் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கீபோர்டில் சிந்தியிருந்த பொரியைக்கூட அவன் தட்டிவிடவில்லை. "மச்சான், செத்தோம்" என்றான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். எனக்கு அலுவலகத் தோழனும் அவன்தான். மனைவி தூத்துக்குடிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையை விட்டு வர முடியாது. கைக்குழந்தையும் அங்கேதான். கையிலிருந்த வேலையை முடித்தால் திருநெல்வேலிக் கிளைக்கு மாற்றல் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

வேலை, மருந்துக்கடைகளுக்கு பில் போடும் நிரல். கடைகளில் இருந்தவை அரதப் பழசான கணினிகள். ஒவ்வொரு பில்லுக்கும் நிரலைப் புதிதாகத் திறக்க வேண்டும். திறக்கத் தாமதமானால் கூட்டம் தெருவில் நிற்கும். எழுதிய நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றுவது கம்பைலர். ஒரே கம்பைலரைத்தான் பலரும் அவரவர் துணைக்கோப்புகளோடு ஒரு தொகுப்பாகக் கட்டி வெளியிடுகிறார்கள். மாவு ஒன்றுதான், கடைக்குக் கடை தோசை வேறு. எந்தத் தொகுப்பில் செய்தால் நிரல் சீக்கிரம் திறக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவன் இவன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார். "பெட்டியக் கட்டுங்க" என்று மேனேஜர் சிரித்தார்.

எங்கள் சோதனைக் கணினியை நாங்கள் அணைத்ததே இல்லை. அணைத்தால் திரும்ப உயிர் வருமோ வராதோ என்று பயம். ஒருமுறை திறந்த நிரலைக் கணினி நினைவில் வைத்திருக்கும், அடுத்த முறை சட்டென்று திறந்துவிடும். இவன் அளந்ததெல்லாம் அந்த அடுத்த முறைகளைத்தான். பூஜைக்காக அதை அணைத்துப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் போட்டுப் பார்த்தால், அவன் தேர்ந்தெடுத்த தொகுப்பில் செய்த நிரல்தான் எல்லாவற்றிலும் மந்தம். அணைத்து அணைத்து, வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தான். அதேதான். கடைக் கணினிகளுக்கோ நினைவகம் கொஞ்சம். ஒரு பில் முடிந்து அடுத்தது வருவதற்குள் மறந்துவிடும்.

"யாருக்குத் தெரியப் போகுது? பேஜார் பண்ணாம ஊருக்குக் கிளம்பு" என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"காய்ச்சலடிக்கிற பிள்ளையத் தூக்கிட்டு நிப்பாங்கல்லா மச்சான், கடையில" என்றான். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். மத்தியானம் உள்ளதை உள்ளபடி எழுதி மேனேஜருக்கு அனுப்பினான்.

திட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். மேனேஜர் தட்டிக்கொடுத்தார். "கண்டுபிடிச்ச நீங்களே சரி பண்ணிட்டுப் போங்க." பண்ணினான். கடைக்காரர்களுக்கு மகிழ்ச்சி. அடுத்த பதிப்புக்கும் இவர் இருந்தே ஆக வேண்டும் என்றார் வாடிக்கையாளர். திருநெல்வேலிக்கு வேறொருவர் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கால்வாசிகூட அவனுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்போதும் அவன் எங்கள் மாடியில்தான் இருக்கிறான். பள்ளி விடுமுறைக்கு அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு அழைத்துவர நானும் வண்டி எடுத்துக்கொண்டு போவேன். ரயிலிலிருந்து இறங்கியதும் குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டு இவனை யாரோ போலப் பார்க்கும். பிளாட்பாரத்திலேயே குந்தி உட்கார்ந்து இவன் கை நீட்டுவான். என்னைத் திரும்பிப் பார்த்து, "முதல் தடவ கொஞ்சம் லேட் ஆகும் மச்சான், பெறகு சரியாயிரும்" என்பான்.

சரியாகத்தான் போகும். இரண்டொரு நாளில் அவன் தோளைவிட்டு இறங்காது. அதற்குள் விடுமுறை முடிந்துவிடும். அடுத்த விடுமுறைக்கு வந்து இறங்கும்போது மறுபடியும் முதல் தடவைதான். அவன் கை நீட்டியபடி உட்கார்ந்திருப்பான்.