லில்லி சொல்ல வந்த வார்த்தை

சென்ற வியாழக்கிழமை காலை லில்லியின் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா போயிட்டாங்க ஆன்ட்டி. ஹார்ட்டு" என்றான். நம் சபையில் பலருக்கு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்த உடனே போய்விடும் பெண். "திமிரு" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் நானே முதல் ஆள் என்பதால் இதை நான்தான் எழுத வேண்டும்.

என் கணவரின் அடக்கத்தன்று ஊரிகத்தில் எங்கள் வீடு நிரம்பியிருந்தது. லில்லி நேராக வந்து என் கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி" என்றாள். பிறகு சமையலறை வழியாக ஓடிவிட்டாள். கான்வென்டில் படித்தவள் நான். மரியாதைக் குறைவைப் பொறுப்பதில்லை. ஓராண்டு அவளோடு பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல் போனும் கையுமாக வந்து நின்றாள். "இத மட்டும் பாருங்க ஆன்ட்டி, இருவது நிமிஷம்." ஏதோ ஜப்பானியக் கார்ட்டூன். "கார்ட்டூன் இல்ல ஆன்ட்டி, அனிமே" என்று திருத்தினாள். என்னைத் திருத்துகிறவர்கள் குறைவு. உட்கார்ந்து பார்த்தேன்.

பள்ளியில் ஒரு தோழிகூட இல்லாத பெண். பக்கத்து மேசைக்காரியிடம் "சேர்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்கக் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறாள். மறுநாள் அருகில் போனதும், திறக்காத டிபன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் சாப்பிட்டாச்சு!" என்று கத்திவிடுகிறாள். அன்று முழுக்கப் பட்டினி. கணவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

லில்லி சிரிக்கவில்லை. "எனக்கும் அதான் ஆச்சு ஆன்ட்டி. ஆபீஸ்ல யாருனா தவறிட்டா, போர்டுல துக்கத்துக்குக் கன்னடத்துல 'சந்தாப'ன்னு எழுதுவாங்க. உங்களுக்கு மரியாதையா அதையே சொல்லணும்னு ஆண்டர்சன்பேட்டைல இருந்து சொல்லிக்கினே வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் சந்தோஷம்னு வந்துடுச்சு."

"ஏம்மா, தமிழ்ல வருத்தம்னு ஒரு வார்த்த இருக்கே!"

"அது சின்னதா இருந்துச்சு ஆன்ட்டி."

அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தாள். அவள் பேச நேரமாகும். "என் வாயி மைன்ஸ்ல ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜ் மாதிரி. அடியில இருந்து ஏறி வரணும்ல" என்பாள். பொறுமையில்லாமல் அவள் வாக்கியத்தை நானே முடித்து வைப்பேன். "தப்பா முடிக்கிறீங்க" என்பாள். என்னிடம் அவள் கேட்ட உதவி ஒன்றுதான்: ஆராதனைக்குப் பிறகு மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒருநாள் டீ குடிக்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸில் அவளை உங்களிடம் அழைத்து வந்தேன். "இன்னா லில்லி, அதிசயமா இந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பதில் சொல்லத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். டீ ஆறியது. பிறகு அந்த அடக்க வீட்டுக் கதையை அவளே சொன்னாள், என் முகம் போன போக்கையும் நடித்துக் காட்டி. "அடிப்பாவி!" என்று நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறு முதல் அவளுக்கென்று நாற்காலி போட்டு வைத்ததும் நீங்கள்தான்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது: ஒருவரைக் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பேன். எனக்கு அது சுலபமில்லை. அவளை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறன்று, நம் சபைக் கோவில் வாசலில் தனியாக நின்ற புது மருமகள் ஒருத்தியிடம் பெயர் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். தெருவில் மூன்று ஆட்டோக்கள் போயின. பிறகு சொன்னாள், முழுப் பெயரையும்.