மேரி அக்கா மில்லில் அந்த அரிசி அரைபடவில்லை

அண்ணா, நீ பொய் சொன்னாய். என் நிச்சயதார்த்தத்துக்குச் செய்த அதிரசத்தின் மாவு மேரி அக்கா மில்லில் அரைபடவில்லை. நம் வீட்டில், நீ வாங்கி வைத்த மெஷினில், நான்தான் அரைத்தேன். இத்தனை வருடமாக நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். நம் ஊர் நூலகத்துக்கு இந்தப் பத்திரிகை வருகிறது, ஊருக்குப் போகும்போதெல்லாம் நீ அங்கே படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் காஞ்சிபுரத்துக்காரி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. எங்கள் கட்டடத்தில் அதை எழுதியே மாட்டியிருக்கிறார்கள். துணி துவைக்கும் மெஷின் ஓடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டால்கூட யாராவது ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். ‘ரூஹே’ என்பார்கள், அமைதி என்று அர்த்தம். எனக்கு இது ரொம்ப நாள் விளங்கவில்லை. நான் பிறந்த தெருவில் விடிந்தால் தறிச் சத்தம். பக்கத்து வீட்டில் தறி நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்போம்.

இந்த அமைதிக்கு நடுவில் என் வீட்டில் ஒரு மாவு மெஷின் இருக்கிறது. இடுப்பு உயரப் பெட்டி. அடியில் சக்கரம், மேலே தானியம் கொட்டும் வாய், உள்ளே கத்தி. கத்தியைச் சுற்றி மாற்றி மாற்றிப் போடும் ஜாலி என்கிற சல்லடைத் தகடு. கோதுமைக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. அண்ணன் கொடுத்த கல்யாணச் சீர். மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு தெரிந்தவர் ஒருவரின் சரக்கோடு கப்பலில் வந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்றுதான் அரைக்க முடியும். தேவாலயத்தில் பத்து மணிக்கு மணியடிக்கும் நேரம் பார்த்து, அடியில் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஓட்டுவேன். மணி சீக்கிரம் நின்றுவிடும். மெஷின் அரை மணி நேரம் ஓடும்.

கீழ் வீட்டில் ஃப்ராவ் லேமான் என்று ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “ஞாயிற்றுக்கிழமை யாரோ சுவரில் துளை போடுகிறார்கள். உங்களுக்கும் கேட்கிறதா?” என்றார். “யா” என்றேன். கேட்கத்தானே செய்கிறது. “மேலே இருந்துதானே?” என்றார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் இவர்களுக்குப் புரியாது, அதில் ஆமாம் எது இல்லை எது என்று தடுமாறுவார்கள். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

மேல் வீட்டில் இருப்பவர் டெஸ்ஃபாய். எரித்திரியா நாட்டுக்காரர். சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். வீட்டு வாசலில் எப்போதும் கழற்றிப் போட்ட சக்கரம் ஒன்று சாய்ந்திருக்கும். சைக்கிள்காரர், கையில் ஸ்பானர், கருப்பர். அவர்தான் சத்தம் போடுகிறார் என்று நம்புவதற்கு இந்தக் கட்டடத்தில் யாருக்கும் சிரமமாக இல்லை. கட்டட நிர்வாகம் அவருக்குக் கடிதம் போட்டது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு கடிதம். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். என் கதவையும் தட்டினார். “ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலேயே இருப்பதில்லை. காலையில் தேவாலயத்துக்குப் போனால் மத்தியானம்தான் வருகிறேன். நான் இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள்” என்றார். எனக்குப் பின்னால் சமையலறையில் அந்த மெஷின் மேல்துணி போர்த்தி நின்றது. “எனக்கு ஜெர்மன் எழுத வராது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் தெரிந்தது, இப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நான் ஏற்கெனவே ஒருமுறை நின்றிருக்கிறேன்.

எங்கள் தெருமுனை மில்லை மேரி அக்கா குத்தகைக்கு எடுத்தது தொண்ணூறுகளின் கடைசியில். அதற்கு முன் அங்கேயே பத்து வருடம் கூலிக்கு மாவு அரைத்தவள். காலனியிலிருந்து வருவாள், வேதக்காரக் குடும்பம். அவள் மில்லில் இரண்டு மெஷின். ஒன்று மாவுக்கு, ஒன்று மிளகாய்க்கு. மாவு மெஷினிலும் கேழ்வரகு போகும், கடலைப்பருப்பு போகும், கம்பு போகும். அதனால் மில்லுக்குப் போகிற எவளும் தூக்கைக் கீழே வைத்ததும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “முன்னாடி இன்னா போச்சு?” மேரி அக்கா மறைக்க மாட்டாள். “கேவுரு போச்சுமா. ஒரு பிடி அரிசி மொதல்ல வுட்டு எடுத்துக்கோ, அப்பால வெள்ளையா வரும்” என்பாள். அவசரமாக வந்தவளிடம்கூட, “ஓடாத, இது கடலைப்பருப்பு வாசம், உம் புட்டு கெட்டுப்பூடும்” என்று கையைப் பிடித்து நிறுத்துவாள்.

கூலிக்காரியாக இருந்தவரை அவள் கை மாவில் பட்டது யாருக்கும் உறுத்தவில்லை. கல்லாவில் உட்கார்ந்ததும் உறுத்தியது. எங்கள் அம்மா, “சுத்தமா இருக்குமோ இருக்காதோ” என்று ஆரம்பித்தாள். பத்து வருடமாகச் சுத்தமாக இருந்த கை ஒரே மாதத்தில் எப்படி அழுக்காகும் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் சேர்ந்திருந்தான். வீட்டு மெஷினை வேனில் கொண்டுவந்து இறக்கினான். தெருவில் முதல் மெஷின் எங்களுடையது. “இனிமே எவ மில்லு வாசல்லயும் நம்ம வூட்டுப் பொம்பளைங்க நிக்க வேணாம்” என்று வாசலில் நின்றே சொன்னான். அந்த ‘எவ’ யாரென்று தெருவுக்கே தெரியும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான்தான் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு ஜாலி மாற்றிக் காட்டினேன்.

மெஷின் விற்றவன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். காய்ந்த தானியம் மட்டும்தான் போடவேண்டும், ஈரம் ஆகாது. அதிரசத்துக்கு ஈர அரிசிதான் வேண்டும். ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, தொட்டால் கையில் ஒட்டுகிற பதத்தில் அரைக்கவேண்டும். அதை மேரி அக்கா மெஷின்தான் அரைக்கும். நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன் அரிசியைத் துணியில் பரப்பிவிட்டு, “மில்லுக்குப் போய்ட்டு வரவா?” என்று அம்மாவைக் கேட்டேன். “சம்பந்தி வூட்டுக்குப் போற பலகாரம், அங்க எதுக்கு? இன்னும் கொஞ்சம் காயவுட்டு இதுலயே போடு” என்றாள். போட்டேன். முந்தின நாள் அண்ணன் அதே மெஷினில் சாம்பார்பொடிக்கு மிளகாய் அரைத்திருந்தான். நான் ஜாலியை மட்டும் மாற்றினேன், உள்ளே துடைக்கவில்லை. மில்லாக இருந்தால் வாய் தானாகக் கேட்டிருக்கும், முன்னாடி இன்னா போச்சு என்று. சொந்த வீட்டில் யார் யாரைக் கேட்பது? காய்ந்த அரிசியாக இருந்திருந்தால் லேசாகக் காரம் தட்டியதோடு போயிருக்கும். ஈர மாவு மூலை முடுக்கெல்லாம் அப்பிக்கொண்டு, ஒட்டியிருந்த மிளகாயை வழித்து எடுத்துக்கொண்டு வந்தது. வெல்லப்பாகில் கொட்டியதும் எல்லாம் ஒரே பழுப்பு. பக்கத்து அடுப்பில் தாளிப்பு. இருமினோம், அந்தப் புகை என்று நினைத்தோம்.

மாப்பிள்ளையின் அத்தை முதல் அதிரசத்தைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து அவர்கள் வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். “இன்னா சம்பந்தி, அதிரசத்துக்குத் தொட்டுக்க ஊறுகாயே வேணாம் போலக்குது” என்று மாப்பிள்ளையின் மாமா சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சீர்வரிசையில் அதே மெஷினைத்தான் எழுதியிருந்தோம். அது அதிரசத்தைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? அண்ணன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “ஈர அரிசியாச்சே, வூட்டு மெஷின்ல அரையாது. மொன மில்லுல குடுத்தோம். காலனிக்காரி ஒருத்தி எடுத்து நடத்துறா, மொளகா அரைச்ச மிசின்லயே போட்டுட்டா” என்றான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். “அதான பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் எல்லாம் சரியாகிவிட்டது. நான் புதுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் மேரி அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அவளை நாங்கள் உள்ளே கூப்பிட்டதும் இல்லை. “சாந்தி, நீ வெளிய வாமா. நீயே சொல்லு, எப்போ வந்து அரைச்சே என்னாண்ட?” என்று கேட்டாள். அண்ணன் வெளியே போனான். “காலைல வாசல்ல நின்னுக்கினு சத்தம் போடாத. போ” என்றான். “நான் சத்தம் போடல தம்பி. எம் மில்லுல மொளகாக்கு ஒரு மிசினு, மாவுக்கு ஒரு மிசினு. தெருவே பாத்துக்கினு இருக்குது. அந்தப் பொண்ணு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் போய்ட்றேன்.” நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவிடுக்கில் அவள் செருப்பு தெரிந்தது. அதில் மாவு படிந்திருந்தது. ஒரு வார்த்தை போதும் என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். நின்றிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அது இன்னும் கேவலம்.

அதற்குப் பிறகு மாவு அரைக்க அவளிடம் போவது குறைந்தது. மிளகாயும் மாட்டுத்தீவனமும் மட்டும் வந்தன. ஒரு வருடத்தில் கட்டடக்காரர் குத்தகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அதற்குள் இங்கே வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் ஒன்றில் கூலிக்குப் போகிறாளாம். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவளே கூப்பிட்டாள். “நல்லா இருக்கியாமா? வெளிநாட்ல மாவு எங்க அரைக்கிற?” “கடையில வாங்கிக்கிறேங்க்கா” என்றேன். “அப்போ முன்னாடி இன்னா போச்சுன்னே தெரியாதே” என்று சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் ஏறினாள். குத்திக்காட்டினாளா, மில்காரியின் வழக்கத்தில் சொன்னாளா, எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் வாய் திறக்காதது முதல் பொய் என்றால், இந்த இரண்டாவது பொய்யை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

டெஸ்ஃபாய் வந்துபோன பிறகும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர், “உனக்கு எதுக்கு வம்பு?” என்றார். பதினைந்து நாள் கழித்து ஒரு தாளில் எழுதி, படிக்கட்டின் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் என்னுடைய மாவு மெஷின், மேல் வீட்டுக்காரர் இல்லை, கேட்டபோது நான் பொய் சொன்னேன். கீழே பெயரும் எழுதினேன். ஜெர்மன் எழுத வரும். தப்பும் தவறுமாக வரும். ஃப்ராவ் லேமான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “மாவா?” என்று மட்டும் கேட்டார். இப்போது என்னிடம் குட்டன் மோர்கன், காலை வணக்கம், சொல்வதில்லை. டெஸ்ஃபாய் அந்தத் தாளின் முன் நின்று, முதல் கடிதம் வந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினார். “ஆறு வாரம்” என்றார். “ஆறு வாரமும் உங்களுக்குத் தெரியும்.” “யா” என்றேன். கொண்டுவந்த சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன். “அந்தப் பழசெல்லாம் இப்போ எதுக்குமா? அவ நல்லாத்தான் இருக்குறா” என்றான். கூலிக்கு மூட்டை தூக்குகிறவள் நன்றாக இருக்கிறாள் என்று கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்து எப்படித் தெரிகிறது அண்ணா?

என் மெஷினின் பிளக் இன்னும் நம் ஊர்ப் பிளக்தான். மூன்று கால். இந்த ஊர்ச் சுவரில் இரண்டு ஓட்டை. நடுவில் ஒரு அடாப்டர் சூடாகிக்கொண்டே இருக்கிறது. இங்கே பலகையில் ஒட்டிவிட்டேன். அங்கே ஒட்டவேண்டிய தாள் இன்னும் ஒட்டவில்லை. அதில் பாதி என் பங்கு, அதை இங்கே எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதலில் வாலாஜாபாத்துக்குப் போய் மேரி அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மிச்சப் பாதி உன்னுடையது. மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை என்றாயே, அந்த வாசலில் நின்று சொல். நிற்க முடியாவிட்டால் இதே பத்திரிகைக்கு உன் பெயர் போட்டு எழுது. எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். ஒரே கேள்விதான். மில் வாசலில் எல்லாப் பெண்களும் கேட்கிற கேள்வி, நம் வீட்டில் மட்டும் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி. அன்றைக்கு என் அரிசிக்கு முன்னாடி அந்த மெஷினில் என்ன போச்சு அண்ணா? தெரு கேட்கச் சொல்.