ஃபஸ்மியாவின் இடது கன்னம்

ஏழு வயதில் அடுப்படியில் கேத்தல் சரிந்து, கொதிநீர் ஃபஸ்மியாவின் இடது கன்னத்திலும் தாடையிலும் கொட்டியது. காயம் ஆறிய பிறகு தோல் சுருங்கி, வாயின் ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. "பெருநாளுக்குள்ள மாறிடும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அதை நம்பி அவள் ஒவ்வொரு பெருநாளுக்கும் காலையில் எழுந்ததும் கண்ணாடிக்கு ஓடினாள். நாலைந்து பெருநாள் அப்படிப் போன பிறகுதான் ஓடுவதை நிறுத்தினாள்.

அந்த முகத்தோடுதான் மாத்தளையில் பாலர் பாடசாலை ஆசிரியையானாள். மிளகு, கராம்பு வியாபாரம் செய்யும் ஷிஹாமை மணந்தாள். மர்வாவையும் நிப்லாவையும் பெற்றாள். முப்பத்தைந்தாவது வயதில், கண்டியில் ஒரு டாக்டர் சுருங்கிய தோலை எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்துத் தைக்கலாம் என்றார். அவள் ஒரே வாரத்தில் சரி என்று சொல்லிவிட்டாள்.

"பிள்ளைகள்கிட்ட பல்லுக்குப் போறேன்னு சொல்லுங்க. சின்னதுகள், பயந்துடும்" என்றார் ஷிஹாம்.

"பொய் சொன்னா நான் திரும்பி வரக்க இன்னும் பயப்படும். நானே சொல்றேன்."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரையும் கட்டிலில் உட்காரவைத்துச் சொன்னாள். மர்வாவுக்கு ஏழு வயது. அவள் முகம் சுருங்கியது.

"அசிங்கமா இருக்குன்னுதானா வெட்டப் போறீங்க?"

"அசிங்கம் இல்ல மகள். சிரிக்கக்க வாய் ஒரு பக்கம் இழுக்குது. அதோட, எனக்கு ஆசையும்தான்."

"அப்ப என்ட மூக்குல இருக்கிற மச்சத்தையும் எடுங்க."

ஃபஸ்மியா இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் இதை இருபத்தெட்டு வருஷம் யோசிச்சுத்தான் செய்றேன். நீயும் பெரியவளாகி யோசி. அப்பவும் மச்சம் வேணாம்னு தோணினா ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்."

நான்கு வயது நிப்லாவுக்கு வேறு கவலை. "வெட்டின தோல எங்க போடுவாங்க?"

"தெரியாது மகள். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பத்து நாள் கழித்து கன்னத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. மர்வா ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். நிப்லா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். ஃபஸ்மியாவுக்கு அவளை அள்ளித் தூக்க வேண்டும்போல இருந்தது, ஆனாலும் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர்கிட்ட கேட்டேன். அந்தத் தோல நெருப்புல போட்டு எரிச்சிடுவாங்களாம்."

திரைச்சீலை அசைந்தது. "பாவம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் அவளே வெளியே வந்து, கன்னத்துக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குச் சோறு தீத்துவீங்களா?" என்று கேட்டு, ஊட்டச் சொல்லி வாயைத் திறந்து காட்டினாள்.

"தீத்துறேன் மகள்."

ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்குப் புது முகம் பழகிவிட்டது. ஃபஸ்மியாவுக்குத்தான் பழகவில்லை. இரத்தோட்டை பஸ்ஸில் யாராவது எதிரே உட்கார்ந்தால் கை தானாகவே முந்தானையை இடது பக்கம் இழுத்துவிடும். இழுத்த பிறகுதான் மறைக்க ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வரும்.

மூன்று வருடம் கழித்து, போன நோன்பில் அலுமாரியை ஒதுக்கும்போது கல்யாண ஆல்பம் கிடைத்தது. நிப்லா ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

"உம்மாட முகம் இப்படியா இருந்துச்சி?"

"உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள் மர்வா. நிப்லா இல்லை என்று தலையாட்டினாள்.

ஃபஸ்மியா ஆல்பத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். மணப்பெண் வாய் கோணச் சிரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வெட்கத்தோடும், எவ்வளவு சந்தோஷத்தோடும் அன்று சிரித்தாள் என்பது ஃபஸ்மியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அந்தத் தோல எடுத்தது கவலையா உம்மா?" என்று மர்வா கேட்டாள்.

"கவலை இல்ல மகள். இவளப் பார்க்க ஆசையா இருக்கு, அவ்வளவுதான்."

நிப்லா பொறுமையில்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஃபஸ்மியா மறுபடியும் முந்தைய பக்கத்துக்குப் புரட்டினாள்.