கோபத்தில் அடித்த நாற்காலிகள்

தெருவில் எல்லோரும் அவரைச் 'சாந்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்கோபத்தில் அவருக்கு அங்கே நிகர் கிடையாது. பித்தளைப் பாத்திரம் அடிப்பது தொழில். ஆட்களை அடிப்பது பழக்கம். பால்காரரின் முன்பல், பக்கத்துக் கடைக் கண்ணாடி, மனைவியின் இடது மணிக்கட்டு என்று அவர் உடைத்தவை பல. பாத்திரத்தில் மட்டும் ஒரு நெளிசல் இருக்காது.

மனைவியின் தம்பி நாற்காலி வடிவமைப்புப் படித்தவன். அவன் வரைந்த நாற்காலிகளில் ஒன்றுகூடக் காகிதத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மெல்லிய இரும்புக் கால்கள், மேலே ஒரே தகட்டில் குழித்த பித்தளை இருக்கை என்று ஒன்றை மாமாவிடம் கெஞ்சிச் செய்ய வைத்தான். முடிந்ததைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, இது நாற்காலியா, அண்டா மூடியா?"

மாமா சுத்தியலோடு பாய்ந்தார். அவன் ஓடிவிட்டதால் அடி முழுக்க இருக்கைக்கு விழுந்தது.

அந்தக் கன்னாபின்னாக் குழிகள்தான், பாத்திரம் வாங்கப் பட்டறைக்கு வந்த ஓர் ஓட்டல் முதலாளிக்குப் பிடித்தன. "இதே மாதிரி இன்னும் நாலு. அச்சு அசலா இருக்கணும், இல்லேன்னா வேண்டாம்." மைத்துனனின் முதல் ஆர்டர் அது.

நிதானமாக அடித்தால் குழிகள் வரிசையாக, அழகாக, வீணாக விழுந்தன. ஆர்டருக்குக் கோபப்படச் சாந்தத்துக்குத் தெரியவில்லை.

"மாப்ளே, ஏதாவது சொல்லித் தொலைடா."

அவன் பட்டறைத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏச ஆரம்பித்தான். "உங்க மூஞ்சியை நிமிர்த்த எந்தச் சுத்தியலும் பத்தாது, மாமா." ஓர் இருக்கை தேறியது. "உங்க கல்யாண போட்டோவைக் காட்டித்தான் பக்கத்து வீட்ல குழந்தைக்குச் சோறு ஊட்டுறாங்க." இரண்டாவது. மூன்றாவதற்கு அவருடைய அப்பாவையே இழுக்க வேண்டியிருந்தது. நான்காவது தகட்டின் முன் சாந்தம் சிரித்துவிட்டார்.

"பழகிப்போச்சுடா. வேற சரக்கு இல்லையா?"

இருந்தது. சொல்ல மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"அக்கா பெட்டி கட்டி வச்சிருக்கா. இந்த ஆர்டர் முடிஞ்சதும் என்னோட வந்துடுவா."

சுத்தியல் தகட்டில் விழவில்லை. தூணைப் பிடித்திருந்த அவனுடைய வலது கையில் விழுந்தது. மறுபடியும் அங்கேயே விழுந்தது. வரைகிற விரல்கள் நசுங்கும் சத்தம் தகடு நெளியும் சத்தத்தைவிடச் சின்னது. அலறல்தான் பெரிது.

அக்கா ஓடி வந்தாள். கையைத் துண்டில் சுற்றி, தம்பியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பட்டறைக்குத் திரும்பினாள். தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். சாந்தம் கை ஓங்கினார்.

"நகருங்க."

சுத்தியல் யார் கையில் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தவர் போல நகர்ந்தார்.

நான்காவது இருக்கையை அவள் அடித்தாள். அவளை யாரும் ஏச வேண்டியிருக்கவில்லை. குழிகள் அச்சு அசலாக விழுந்தன.

மறுநாள் வண்டியில் நாற்காலிகள் ஏறின, பெட்டி ஏறியது, கைக்கட்டோடு தம்பியும் ஏறினான்.

"ரெண்டு நாள்ல வந்துடுவ இல்ல?" என்றார் சாந்தம், வாசலில் நின்றபடி.

அவள் டிரைவரைப் பார்த்து, "எடுங்க" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும், எதையாவது அடிக்கலாமென்று பட்டறைக்குள் போனார். சுத்தியலைக் காணோம்.