புனிதருக்கு என் முகம்

சாயம் கரைக்கும் டர்பன்டைன் மணம் வந்தாலே, கெலிஓயாவில் நான் கதிரையில் அசையாமல் இருந்த சனிக்கிழமைகள் நினைவில் எழும். என்னோடு படிப்பித்த சித்திர ஆசிரியர் தன் கோயிலுக்கு ஒரு படம் வரைந்தார்: கிறிஸ்தவர்களை விரட்டியவர் வானத்து ஒளி கண்டு விழுந்து, மனம் மாறிப் புனிதராகும் கணம். முகத்துக்கு ஆள் நான், திருநீறில்லாமல் படியிறங்காத யாழ்ப்பாணத்தான்.

தினமும் பார்த்துப் பழகிய நெற்றி. இருவருக்கும் உறைக்கவில்லை. திருநாளுக்கு முதல்நாள் படத்தை நிமிர்த்தியபோதுதான் கண்டோம், புனிதரின் நெற்றியில் மூன்று கோடுகள்!

"ஐயோ சேர், ஃபாதர் மாட்ட விடமாட்டாரு! மூணு மாச வேல! இப்ப அழிச்சா கண்ணும் சேந்து கலைஞ்சிரும்." நண்பர் பதறினார்.

ஃபாதர் வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"விழுற நேரம் இவரு இன்னும் மாறலையே! பழைய சமயம் நெத்தியில இருந்தா என்ன? மாட்டுங்க."

நண்பர் சாயக் கையாலேயே கண்ணைத் துடைத்து, கன்னமெல்லாம் நீலமானார்.

வாசலில் ஃபாதர் என் கையைப் பிடித்தார்.

"நாளைக்குப் பூசைக்கு வாங்க சேர்."

"வாறன் ஃபாதர். ஆனா நான் மாறமாட்டன்."

"நீங்க மாற வேணாம். மூஞ்சிய மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."