லெய்லா மாமி கூரையைப் பிரித்த கதை

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருக்கும்போது லெய்லா மாமி வாளியோடு முன்பத்திக்கு வருவாள். முக்காட்டின் தொங்கலை இடுப்பில் செருகிக்கொள்வாள். வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் அமிழ்த்தி, விரல்களைக் குவித்து எடுத்து, விசிறுகிற கணத்தில் மட்டும் விரித்துவிடுவாள். தண்ணீர் தூறலாக விழவேண்டும். மணலில் குழி விழக்கூடாது. சுவரோரத்தில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்தபடியே வாசலை நோக்கித் தெளித்துக்கொண்டு போவாள். வாசலுக்கு இரண்டு முழம் இருக்கும்போது வாளி தீர்ந்துவிடும். ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததுமில்லை. பிறகு ஈர்க்கு விளக்குமாறால் ஒரு இழுப்பு. அதற்குமேல் பாயை விரித்தால் பதினான்கு பிள்ளைகள் வந்து உட்கார்ந்து எழும்பினாலும் புழுதி கிளம்பாது.

பதினேழு வருடமாக அப்படித்தான். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கி, முகாமில் ஐந்து வருடம் கிடந்து, பிறகு தில்லையடியில் இந்தத் துண்டு நிலத்தில் இரண்டு அறை கட்டியபோது, வீட்டு முகப்போடு சேர்த்து ஒரு தென்னங்கிடுகுப் பத்தியும் இறக்கிக்கொண்டாள். தரைக்குச் சீமெந்து போடவில்லை. கடல்மணல் பரப்பினாள். அதில்தான் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அலிஃப் என்ற எழுத்தைக் காட்டியது அவளுடைய ஈர்க்குக் குச்சிதான்.

வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. கறுவா நிறத்தில் ஒன்று, வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. முச்சக்கர வண்டிகள் பறக்கிற தெரு என்பதால் அவற்றை அவள் படலைக்கு வெளியே விடுவதில்லை. பிள்ளைகள் ஓதுகிறபோது மூன்றும் சுவரோரமாக, குளிர்ந்த மணலில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மே மாதம், பிள்ளைகள் ஓதுவதைவிடச் சொறிவது கூடிப்போயிற்று. முதலில் கொசு என்றார்கள். பிறகு வெயில் கொப்புளம் என்றார்கள். ஒருநாள் பாடத்தின் நடுவில் ஒரு பொடியன் தன் வெள்ளைச் சாரத்தில் கறுப்பாக ஒன்று துள்ளுவதைப் பார்த்து, "மாமி, எழுத்து ஒண்டு பாயுது!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லெய்லா சிரிக்கவில்லை. அது தெள்ளு.

அடுத்த நாளே சுல்பா வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய மகள் ஸும்ரா குர்ஆனின் முப்பது ஜுஸுவில் இருபத்தெட்டை முடித்துவிட்டாள். நோன்பு வருவதற்குள் முழுவதையும் ஓதித் தமாம் செய்து, தெருவுக்கே பால்சோறு கொடுப்பதாக ஏற்பாடு. சுல்பா படலையைத் திறந்து உள்ளே வராமல் தெருவிலேயே நின்று, மகளின் பாவாடையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"ராத்தா, எங்கட புள்ள இஞ்ச ஓத வாறாளா, தெள்ளுக்கு ரத்தம் குடுக்க வாறாளா? எண்ணிப் பாருங்க. ஒரு கால்ல மட்டும் இருபத்திரெண்டு!"

"உள்ளுக்கு வந்து கதை சுல்பா."

"வரமாட்டன். வந்தா என்னோடயும் நாலு கூட்டாளி வந்துரும். பூனையள வச்சிருங்க, இல்லாட்டிப் புள்ளையள வச்சிருங்க. ரெண்டுல ஒண்டு."

"ரெண்டும் இருக்கும்."

"அப்ப தெள்ளும் இருக்குமாக்கும்!"

வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லெய்லாவுக்குக் காது சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"தெள்ளு போகும். நோன்புக்கு முந்திப் போகும். போனாப்பிறகு நீயே வந்து பாத்துட்டு மகள அனுப்பு."

அந்தக் கிழமைக்குள் பதினான்கு பிள்ளைகள் ஆறாகக் குறைந்தார்கள். தெருமுனையில் புதிதாக ஒரு ஓதப்பள்ளி, மின்விசிறியும் ஓடு பதித்த தரையுமாக, திறந்திருந்தது. ஒருமுறை அங்கே போன பிள்ளை திரும்பி வராது என்பது லெய்லாவுக்குத் தெரியும். நோன்புக்கு இன்னும் ஒன்பது கிழமை.

வியாழக்கிழமை பின்னேரம் மீராசாஹிப் வந்தார். லெய்லாவின் கணவர். கற்பிட்டியில் கருவாட்டு வாடியொன்றில் வேலை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வீடு. கால் கழுவி உட்கார்ந்து தேத்தண்ணி ஒரு மிடறு குடிப்பதற்குள் அவரும் காலைச் சொறிந்தார்.

"மூண்டையும் சாக்குல போட்டுத் தா. வாடிக்குக் கொண்டுபோறன். மீன்தலை திண்டுகொண்டு ராசா மாதிரி இருக்கும்."

"இருக்காது. அங்க நாய் இருக்கு."

"இந்தப் பிடிவாதம் ஆருக்காக லெய்லா? தெருப் பூனைக்கா?"

"தெருப் பூனை எண்டு ஆர் சொன்னது?" என்றாள் அவள். சாம்பல் பூனையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அடுத்த வியாழன் அவர் ஒரு சோடாப் போத்தலில் மஞ்சளாக எதையோ கொண்டுவந்தார். நுரைச்சோலைப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு கூட்டாளி கொடுத்தானாம். ஒரு மூடி தண்ணீரில் கலந்து தெளித்தால் தோட்டத்தில் பூச்சி பரம்பரையோடு அழிந்துவிடுமாம். லெய்லா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, திரும்ப இறுக்கி மூடினாள்.

"பூனை உடம்பை நக்குற சீவன். இதைத் தெளிச்சா தெள்ளுக்கு முந்தி அது மௌத்தாகும். புள்ளையள் இதுக்கு மேல இருந்துதான் ஓதவும் வேணும். போத்தல அந்த மனுசனுக்கிட்டயே குடுங்க, வெங்காயத்துக்கு அடிக்கட்டும்."

திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு வெங்காயக் கூடைக்குள் மூன்றையும் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கயிற்றால் கட்டி, முச்சக்கர வண்டியில் மாட்டு டொக்டரிடம் போனாள். ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்ற வரிசையில் கூடைக்குள்ளிருந்து மூன்று குரலில் ஒப்பாரி எழும்பியது. "உள்ளுக்கு என்னா மாமி, கச்சேரியா?" என்றான் ஆட்டுக்காரன். "ஓம், உன்ட ஆட்டையும் பாடச் சொல்லு," என்றாள் அவள்.

டொக்டர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிற ஆள். பூனைகளை நிறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றின் பிடரியிலும் மயிரை விலக்கித் தோலில் மருந்து விட்டார். நாய்க்குரிய மருந்தைப் பூனைக்கு ஒருநாளும் போடவேண்டாம், மாதம் ஒருமுறை மூன்று மாதம் வரவேண்டும் என்றார். கூடையைக் கட்டப்போனவளை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்.

"பூனையில இருக்கிறது கொஞ்சம். முட்டை, புழு, கூடு எல்லாம் வீட்டிலதான். கூட்டுக்குள்ள இருக்கிறது மருந்துக்குச் சாகிறதில்ல அம்மா. வெளிய வர வர அழிக்கணும். இடையில கூடின மாதிரித் தெரியும். பயந்து விட்டுட்டா, திரும்ப முதலில இருந்து."

இடையில் விட்டால் திரும்ப முதலிலிருந்து என்பது லெய்லாவுக்கு யாரும் விளக்கவேண்டிய விஷயமில்லை. மன்னாரில் தொடங்கி முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொண்டிருப்பதே அதுதான்.

வீட்டில் இருந்த துணி அத்தனையும் அடுப்பில் கொதித்த தண்ணீருக்குள் இறங்கின. தலையணை உறை, திரைச்சீலை, தொழுகை விரிப்பு, மீராசாஹிப்பின் சாரம். பாய்கள் தினமும் உச்சி வெயிலில் வேலியில் தொங்கின. தினம் காலையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பூனையை மடியில் அமுக்கி, பேன்சீப்பால் வாரினாள். பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர். சீப்பில் வந்த தெள்ளு அதில் மூழ்கும். துணியில் உதிர்ந்த கறுப்புப் பொடியில் ஒரு துளி தண்ணீர் விட்டாள். பொடி ரத்தச் சிவப்பாகக் கரைந்து படர்ந்தது. ஸும்ராவின் கால் நினைவுக்கு வந்தது. துணியை மடித்து நெருப்பில் போட்டாள்.

இரண்டு கிழமையில் சீப்பில் ஒன்றும் வரவில்லை. பூனைகள் சுத்தம். ஆனால் மிச்சமிருந்த ஆறு பிள்ளைகள் இன்னும் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்து யோசிக்கிற ஆளில்லை, நடந்துதான் யோசிப்பாள். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையை வாங்கி, முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடம் இடமாகப் போய் நூறு எண்ணும்வரை நின்றாள். குசினியில் ஒன்றுமில்லை. இரண்டு அறையிலும் சேர்த்து ஒன்று. பத்தியில், சுவரோரத்தில் நூறு எண்ணுவதற்கு முன்பே காலுறையில் மிளகு தூவியதுபோல் இருந்தது. நடுப்பகுதியிலும் அப்படியே. வாசலுக்கு வந்தாள். கடைசி இரண்டு முழத்தில் நூறு எண்ணினாள், இருநூறு எண்ணினாள். ஒன்றுகூட ஏறவில்லை.

அந்த இடத்து மணல் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. வெயில் படுகிற இடம். வாளித் தண்ணீர் எட்டாத இடம்.

சுவரோர மணலில் விரலைவிட்டுக் கிண்டினாள். அரைச்சாண் ஆழத்தில் குளிர்ச்சி. உள்ளங்கையில் எடுத்துப் பரப்பினால் நூல்துண்டு போல, வெள்ளையாக, நெளிகிற புழுக்கள். பிள்ளைகளுக்குப் புழுதி படக்கூடாதென்று நிழலுக்குள் பதினேழு வருடம் ஒருநாள் தவறாமல் ஈரம் வார்த்தது அவளுடைய இதே கைதான். பிறகு எழுந்து, வாளியை எடுத்துப்போய்க் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்த மீராசாஹிப், கூரைமேல் மக்பூல் ஏறியிருப்பதைப் பார்த்தார். மக்பூல் தெருவில் கிடுகு வேய்கிறவன்.

"டேய், என்னடா செய்யிற? போன வருசம்தானே வேய்ஞ்ச!"

"பிரிக்கச் சொன்னாங்க நானா. நான் கூலிக்காரன். மாமியட்டக் கேளுங்க."

"லெய்லா! தெள்ளுக்காக ஆரும் கூரையப் பிரிப்பாங்களா? உனக்கு விசரா?"

"வெயில உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வரேலாது. கூரையத்தான் எடுக்கேலும். நிண்டு பாக்காம கிடுகைப் பிடிங்க."

மீராசாஹிப் வெள்ளைச் சாரத்தோடு கிடுகு பிடித்தார்.

ஜூன் மாதத்து வெயிலும் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றும் சேர்ந்து அந்த மணலை வறுத்தன. மேல்மணலை அரைச்சாண் ஆழத்துக்கு அள்ளி, வாசலுக்கு வெளியே பரப்பி எரித்த சருகோடு புரட்டினாள். அடிமணலைத் தினமும் நண்பகலில் மண்வெட்டியால் கிளறி விட்டாள். ஆறு பிள்ளைகளும் உள்ளறையில் நெருக்கியடித்து ஓதினார்கள். மணல் காற்றில் பறந்து சோற்றில் விழுந்தது, அலுமாரிக்குள் போனது. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மாமி, மணலை அவிச்சுத் திங்கப் போறீங்களா?" என்றார்கள். "நீயும் ஒரு கோப்பை கொண்டு வா," என்றாள்.

பதினாறாம் நாள் காலுறைப் பரிசோதனையில் முப்பதுக்குமேல் ஏறின. முன்னைவிடக் கூட. மண்வெட்டியை மணலில் குத்தினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. பிறகு டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கூடுகள் திறக்கின்றன, இனி முட்டை பொரிக்க ஈரமில்லை. ஏறிய முப்பதையும் ஒவ்வொன்றாகச் சவர்க்காரத் தண்ணீரில் தட்டினாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கிளறினாள். மறுநாள் இருபது. நான்கு நாளில் ஏழு. ஜூலை பிறந்து ஒரு கிழமையில் ஒன்றுமில்லை. அதை நம்பாமல் இன்னும் ஐந்து நாள் நின்று பார்த்தாள். பூனைகளுக்கு இரண்டாம் தரம் மருந்தும் விட்டாயிற்று.

அதன்பிறகுதான், ஒரு சோடி புது வெள்ளைக் காலுறையோடு சுல்பாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வா. வந்து நில்லு."

"எங்க நிக்கிற?"

"எங்கட மணல்ல. எந்த இடம் வேணுமோ அந்த இடத்தில. நீயே பாத்துக்கொள்."

தெருவே வந்துவிட்டது. கூரையில்லாத பத்தியின் நடுவில், முழங்கால்வரை வெள்ளைக் காலுறையோடு சுல்பா நின்றாள். "கிரிக்கட் விளையாட வந்த மாதிரி இருக்கு," என்றது வேலிப்பக்கம். சுல்பாவுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சுவரோரத்தில் நின்றாள், மூலைக்குப் போனாள், காலால் மணலைக் கிண்டினாள். சாம்பல் பூனை எழுந்து வந்து அவளுடைய காலுறையை முகர்ந்து, அங்கேயே உட்கார்ந்தது. சுல்பா காலை இழுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்துக் குனிந்து இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணலைத் தவிர ஒன்றுமில்லை.

"ஒண்டு ரெண்டு ஒளிச்சிருக்கும் ராத்தா."

"நாளைக்கும் வந்து நில்லு. நாளண்டைக்கும் வா. காலுறை உன்னட்டயே இருக்கட்டும்."

சுல்பா மூன்று நாளும் வந்தாள். நான்காம் நாள் ஸும்ராவை அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பிள்ளைகள் மட்டும் மின்விசிறியோடு தங்கிவிட்டார்கள். நோன்புக்கு இரண்டு நாள் முன்பு, திறந்த வானத்துக்குக் கீழே, காய்ந்த மணலில் பாய்போட்டு ஸும்ரா தமாம் செய்தாள். மூன்று பூனைகளும் வீட்டுப் படியில் இருந்தன. லெய்லா கூரையைத் திரும்ப வேயும்போது வாசல்பக்கம் பாதியைத் திறந்தே விட்டாள். புழுதிக்குத் தடித்த பாய் வாங்கினாள். தண்ணீர் தெளிக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கலியாணத்துக்காக சுல்பாவின் தங்கச்சி ஸுலைஹா மன்னாரிலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றே லெய்லாவின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய், "குட்டிராசா!" என்று கூப்பிட்டாள். சாம்பல் பூனை தலையைத் தூக்கியது. அவள் சொல்லித்தான் தெரியவந்தது: யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அமானிதமாக விட்டுப்போனவைதான் மூன்று பூனைகளும். சாம்பல் பூனையை அவள் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது சொந்த ராத்தா சுல்பாவிடம். சுல்பா முடியாது என்று சொன்ன பிறகுதான் அது லெய்லாவின் வீட்டுக்கு வந்தது. தெள்ளுக்காகத் தெருவில் நின்று கதைத்த அந்த நாளில் சுல்பாவுக்கும் லெய்லாவுக்கும் இது தெரிந்திருந்தது.