பதம் வந்துருச்சுன்னு அவன்கிட்ட சொல்லு

ஜாம் கடைக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜாம் காய்ச்சுகிறவர்கள் அவளுடைய தம்பிகள் இரண்டு பேர்தான். அப்பா வைத்துவிட்டுப் போன கடை. முன்னால் விற்பனை, பின்னால் அடுப்பு. அந்த இரண்டு தடிமாடுகளும் பேசிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அப்படி என்ன குடிமுழுகிப்போன சண்டை? பாட்டில் லேபிளில் ஸ்ட்ராபெர்ரி படம் பெரிதாக இருக்க வேண்டுமா, அப்பா படம் பெரிதாக இருக்க வேண்டுமா என்பதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். அவளுக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது.

"அக்கா, சர்க்கரை போதும்னு அவன்கிட்ட சொல்லு."

"அக்கா, அடுப்பை ஏன் கூட்டி வச்சாருன்னு அந்தாளைக் கேளு."

இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு! கிண்டுகிறவன் சின்னவன். பதம் பார்க்கிறவன் பெரியவன். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுவான். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். உடனே இறக்கியாக வேண்டும். "அக்கா, பதம் வந்துருச்சு, அவன்கிட்ட சொல்லு" என்பான். அவள் திரும்பி "இறக்குடா" என்பாள். அப்புறம்தான் சின்னவன் அண்டாவில் கை வைப்பான். மகராசன், காதில் விழாதவன்போலவே நிற்பான்.

அவளுடைய மகள் வெளியூரில் குழந்தை பெற்று மாதக்கணக்காகிறது. இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விட்டது. இவள் நகர்ந்தால் கடை நின்றுபோகுமே! அன்று காலையில் மகள் போன் செய்தாள். "பாப்பா குப்புற விழுந்துட்டாம்மா. நீ வந்தா வா, வராட்டி போ." வைத்துவிட்டாள்.

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. துணிமணியைப் பையில் திணித்துக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பிகளைக் கூப்பிட்டாள். "சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன். பத்து நாள் வரமாட்டேன். இந்த நிமிஷத்திலேருந்து உங்க பேச்சை நான் சுமக்க மாட்டேன். வாயிருக்குல்ல, பேசிக்குங்க." இருவரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள், அவளைப் பார்த்து.

சாயங்காலம் காரில் ஒரு தம்பதி வந்தார்கள். ஸ்ட்ராபெர்ரியும் மல்பெர்ரியும் கலந்த ஜாம் வேண்டுமாம். அடுப்பிலிருந்து இறக்கியதும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்களாம். காத்திருக்கிற நேரத்தில் அந்த அம்மாள் கரண்டி கரண்டியாக ருசி பார்த்தாள். உள்ளே ஒரே அண்டா முன்னால் நின்ற தம்பிகளை எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு துணியைக்கூட மடிக்க மாட்டோம். உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குங்க. என்ன ஒத்துமை!"

ஒத்துமையாம்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

"அக்கா, பதம் வந்துருச்சு!" உள்ளேயிருந்து பெரியவன் குரல்.

அவள் அசையவில்லை.

"அக்கா! பதம் வந்துருச்சுன்னு அவன்கிட்ட சொல்லு!"

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க போல" என்றாள் அந்த அம்மாள்.

"அவங்க பேசிக்குவாங்க."

தீய்ந்த வாடை கடைக்குள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அண்டாவில் ஜாம் கறுத்துக் கட்டிப்பட்டுக் கிடக்கிறது. சின்னவன் அப்போதும் கிண்டிக்கொண்டிருக்கிறான். பெரியவன் தட்டும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்கிறான்.

"நான் சொன்னேன்ல? நீ ஏன்க்கா அவன்கிட்ட சொல்லல?" என்றான் பெரியவன்.

"என்கிட்ட யாருமே சொல்லலையேக்கா" என்றான் சின்னவன்.

"செவிடாடா நீ? அவன் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே!"

"உன்னைத்தானேக்கா கூப்பிட்டாரு."

அடப் பாவி! தலையில் அடித்துக்கொண்டு அவள் முன்பக்கம் வந்தபோது தம்பதியும் இல்லை, காரும் இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பின்னாலேயே இருவரும் வந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு அடுப்புப் பத்த வைக்கணுமா வேண்டாமான்னு அந்தாளைக் கேளு" என்றான் சின்னவன்.

"நாளைக்கு அடுப்புப் பத்த வைக்கணுமான்னு கேக்குறான்" என்றாள் அவள் பெரியவனிடம். சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம்போல ஆத்திரம் வந்தது.

பெரியவன் யோசித்தான். "நீ இல்லாம எப்படிக்கா? பேசாம அடுத்த வாரம் போயேன்."

"ஆமாக்கா. அடுத்த வாரம் போ" என்றான் சின்னவன்.

மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் பேத்தி குப்புற விழுந்ததை நான் பாக்கலடா! தவழறதையாவது பாக்க விடுங்கடா, பாவிகளா!"

தம்பிகள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. அவள் படியிறங்கி பஸ்ஸுக்கு ஓடினாள்.